நாலு சதவீதம்

அதை என்ன விலைக்கு வாங்கினீங்க தம்பி?

படிக்கிறதை நிறுத்த வேண்டாம். படிச்சுக்கிட்டே சொல்லலாம். கரூர்ல ஏறினதிலிருந்து பார்க்கிறேன், கட்டை விரலால ஓரத்தைத் தட்டுறீங்க, பக்கம் மாறுது. கீழே எழுபத்தொண்ணுன்னு ஒரு நம்பர் தெரியுதே, அது சார்ஜ் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்குத்தான் எட்டு மாசம் தெரியாமல் இருந்தது.

எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, இந்தப் பைக்குள்ள. என்னோடது இல்லை, என் சம்சாரத்தோடது. பாக்கியம்னு பேரு. என் பேர் குழந்தைவேலு. பழைய வீடு இடிச்சா வர்ற கதவு, நிலை, உத்தரம் வாங்கி விக்கிறேன். கரூர்ல பழைய மரம்னு கேட்டா என் கிடங்கைத்தான் கை காட்டுவாங்க. மூணாம் வகுப்போட சரி. மீதியெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. இந்தக் கையில ரெண்டு விரல் பாருங்க, நிலை சாஞ்சு நசுங்கினது. வருஷம் இருபதாச்சு. கிள்ளினாலும் தெரியாது. வேலைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

பாக்கியத்துக்குக் கண்புரை ஆபரேஷன் ஆச்சு. ஒரு கண் தெளிஞ்சது, இன்னொண்ணு கலங்கலாகவே நின்னுபோச்சு. பொடி எழுத்து கூட்டிப் படிக்க முடியலை. படிக்காமல் அவளால இருக்க முடியாது. அடுப்பில பருப்பு வேகுற நேரத்துக்குக்கூட ஒரு புத்தகம் வேணும். என் மகள் சுகந்தி ஓசூர்ல இருக்கா. அவதான் போன்ல சொன்னா: "அப்பா, அம்மாவுக்கு ஒரு இ-ரீடர் வாங்கிக் குடுங்க. எழுத்தை எவ்வளவு வேணுமோ அவ்வளவு பெருசாக்கிப் படிக்கலாம்."

வாங்கிக் கொடுத்தேனா இல்லையா? அதைத்தான் நான் கேட்கிறேன்.

இதே திருச்சி பஸ்லதான் போனேன். பெரிய கடை. ஒரு பொண்ணு வந்தது, ஷமீமான்னு சட்டையில பேர் குத்தியிருந்தது. ரெண்டு மிஷினை எடுத்து வச்சது. ஒண்ணு கலர், பெருசு, பாட்டு வருது, படம் வருது. இன்னொண்ணு சின்னது, கறுப்பு வெள்ளை, ஒண்ணும் வராது, படிக்க மட்டும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை.

"ஏம்மா, என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது? பட்டுச்சேலை விலைக்குக் கோடித் துணி விக்கிறியா?"

அது சிரிக்கலை, கோபப்படவும் இல்லை. "கொஞ்சம் வெளிய வாங்கய்யா"ன்னு ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போச்சு. உச்சி வெயில். "இப்பப் படிங்க"ன்னு நீட்டுச்சு. கலர்ல என் மூஞ்சிதான் தெரிஞ்சது. மற்றதுல எழுத்து தெரிஞ்சது, அச்சடிச்ச தாள் மாதிரி.

"யாருக்குய்யா, உங்களுக்கா?"

"என் சம்சாரத்துக்கு. கண்ணு சரியில்லை."

"அப்ப இதுதான்யா. கண்ணு கூசாது. கனமும் கம்மி, படுத்துக்கிட்டே பிடிக்கலாம். ஒரு தடவை சார்ஜ் போட்டா வாரக்கணக்கில வரும். தமிழ் எழுத்தும் நல்லாத் தெரியும்."

சரின்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். ஆனால் முகத்தில காட்டுவேனா? ரெண்டு மணி நேரம் நின்னேன். மேனேஜர் வந்தார். கடைசியில மேலே போடுற தோல் உறை சும்மா வந்தது, விலையிலயும் இறங்கினாங்க. "ஐயா மாதிரி நாலு பேர் வந்தா கடையை மூடிடலாம்"னு மேனேஜர் சொன்னார். அதைவிட எனக்கு வேற என்ன விருது வேணும்?

கிளம்பும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாதுன்னு சுகந்தி சொல்றா. "இதுக்குள்ள எத்தனை புத்தகம்மா போகும்?"

"ஆயிரக்கணக்குல போகும்யா."

ஆயிரக்கணக்கில. பஸ்ல வரும்போது அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன். எங்க வீட்டில ஒரு பீரோ நிறைய பைண்டிங். நீங்க சின்னப் பிள்ளை, பார்த்திருக்க மாட்டீங்க. வாராவாரம் புத்தகத்தில தொடர்கதை வரும். பொம்பளைங்க அந்தப் பக்கத்தை மட்டும் பிரிச்சு எடுத்து வைப்பாங்க. கதை முடிஞ்சதும் அடுக்கி, ஊசி நூல் போட்டுத் தச்சு, பழைய காலண்டர் அட்டையை மைதாப் பசையில ஒட்டினா ஒரு புத்தகம். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து பாக்கியம் அப்படித் தச்சது நாற்பத்தோரு புத்தகம். தாளெல்லாம் டீ நிறத்துக்கு வந்துடுச்சு. அதைத்தான் இப்ப அவளால படிக்க முடியலை.

என் தொழில்ல ஒரு முறை இருக்கு. ஒரு வீட்டுக்குப் புதுக் கதவு வந்தா பழைய கதவு அன்னைக்கே வெளியே போயிடணும். போட்டு வச்சா செல் அரிக்கும், விலை இறங்கும். புதுசு உள்ளே, பழசு வெளியே. நாற்பது வருஷமா நான் செய்றது அதுதான்.

அன்னைக்குப் பாக்கியம் கண் காட்டப் போயிருந்தாள். வர்றதுக்குள்ள முடிச்சு வைக்கணும்னு பழைய பேப்பர்காரன் பரமனை வரச் சொன்னேன். கிலோ பதினொண்ணுன்னு ஆரம்பிச்சான். நான் பதினேழுக்குக் கொண்டுவந்தேன். பரமன்கிட்டப் பதினேழு வாங்கின ஆள் கரூர்லயே நான் ஒருத்தன்தான். தராசில அவன் கட்டை விரலைக்கூட வைக்க விடலை.

அவள் வந்தாள். மிஷினை டப்பாவோட கையில கொடுத்தேன். பிரிச்சுப் பார்த்து, எழுத்தைப் பெருசாக்கி, சிரிச்சாள் தம்பி. நான் பொய் சொல்லலை, சிரிச்சாள். அப்புறம் சேலை மாத்த உள்ளே போனாள். பீரோ திறந்து கிடந்தது.

"எல்லாமேவா?" அப்படின்னாள்.

"எல்லாமே. ஒண்ணுகூட விடலை. பதினேழு ரூபாய்க்குப் போட்டேன், தெரியுமா?"

அந்த "எல்லாமேவா"தான். அதுக்கப்புறம் அவள் எங்கிட்டப் பேசலை.

சண்டை போட்டிருந்தா எனக்குத் தெரியும். நான் சண்டைக்காரன். டீக்கடையில ரெண்டு ரூபாய் கூடக் கேட்டான்னு பெஞ்சையே புரட்டிப் போட்டவன். என் கிடங்கு ஆளுங்க நான் தொண்டையைச் செருமினாலே சுத்தியலைக் கீழே வச்சுடுவாங்க. ஆனால் இவள் ஒண்ணும் சொல்லலை. நேரத்துக்குச் சோறு வந்தது. காபி வந்தது, டம்ளர் விளிம்பில நகத்தால ஒரு தட்டுத் தட்டி வச்சுட்டுப் போவாள். அவ்வளவுதான்.

நான் என்ன நினைச்சேன்னா, இது பேரம். சின்ன வயசுல மாட்டுச் சந்தையில புல்லுக்கட்டுச் சுமந்தேன். அங்கே விலை எப்படிப் பேசுவாங்க தெரியுமா? ரெண்டு பேரும் கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடிப்பாங்க. வாய் பேசாது. முகத்திலயும் ஒண்ணும் தெரியாது. எவன் முதல்ல வாயைத் திறக்கிறானோ அவன் தோத்தான். பாக்கியம் துண்டைப் போட்டுட்டாள்னு நினைச்சேன். சரி, நானும் பிடிக்கிறேன் விரலைன்னு நானும் பேசலை. என்னை யார் ஜெயிச்சிருக்கா?

சுகந்திகிட்ட மட்டும் போன்ல பேசிக்கிட்டிருந்தாள். சுகந்தி என்னைக் கூப்பிட்டா.

"அப்பா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க."

"எதுக்கு? பதினேழு ரூபாய்க்குப் போட்டதுக்கா?"

"உங்ககிட்டப் பேசுறதுக்குச் செவுத்துகிட்டப் பேசலாம்ப்பா."

"பேசு. உங்கம்மாவும் அதைத்தான் செய்றாங்க."

எட்டு மாசம். இதுல எனக்கு ஒரே சமாதானம் அந்த மிஷின்தான். எந்நேரமும் கையில வச்சிருந்தாள். காலையில சமையல் முடிஞ்சதும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நான் சாப்பிட வரும்போதும் அதே இடம், சாயங்காலம் வந்தாலும் அதே இடம். தலை நிமிராது. பரவாயில்லை, போட்ட காசுக்கு உழைக்குதுன்னு நினைச்சுக்குவேன். ஒண்ணு மட்டும் விளங்கலை. எப்ப எட்டிப் பார்த்தாலும் ஒரு மரத்துப் படம்தான் இருக்கும். இலையில்லாத மரம், கீழே ஒரு சைக்கிள். கதையில படம் போட்டிருக்காங்க போலன்னு விட்டுட்டேன்.

அவள் குளிக்கப் போனப்ப ஒருநாள் எடுத்துத் தட்டினேன். மரம் போய் எழுத்து வந்தது. கீழே நாலுன்னு போட்டுச் சதவீதக் குறி. சார்ஜ் இறங்கிப்போச்சே, சொல்லக்கூடாதா மகராசின்னு ஒயரைச் சொருகினேன். மறுநாள் பார்த்தேன், நாலு. ராத்திரி முழுக்கப் போட்டேன், நாலு. ஒரு வாரம் போட்டேன். நாலு நாலாகவே நின்னுச்சு. எனக்கு வந்தது பாருங்க கோபம். பழுதான பொருளை என் தலையில கட்டிட்டாங்க. அதுவும் எனக்கு.

திருச்சிக்குப் போனேன். கடை வாசல்லயே ஆரம்பிச்சுட்டேன். டிவி பார்த்துக்கிட்டு நின்னவங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. ஷமீமா வந்துச்சு, வாங்கித் தட்டிப் பார்த்துச்சு.

"ஐயா, சார்ஜ் மேல இருக்கு பாருங்க, நூறு. ஃபுல்லா இருக்கு."

"அப்ப இந்த நாலு?"

"அது படிச்ச அளவுய்யா. இந்தக் கதையில நூத்துக்கு நாலு பங்கு படிச்சிருக்காங்க."

"ஏம்மா, எந்நேரமும் படிக்கிறாளேம்மா."

"வேற புத்தகம் ஏதாச்சும் படிச்சிருப்பாங்க"ன்னு தேடிப் பார்த்துச்சு. இருபது புத்தகம் சுகந்தி அனுப்பி வச்சிருந்தா. மத்தது ஒண்ணுகூடத் திறக்கலை. அந்தப் பொண்ணு குரலைத் தாழ்த்திக்கிச்சு. "இது ஒண்ணுதான்யா திறந்திருக்கு."

"ஒரு மரத்துப் படம் இருக்குமே. சைக்கிள் நிக்கும். அது எந்தக் கதையில வருது?"

"அது கதை இல்லய்யா. கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தா மிஷின் தூங்கிடும். அப்ப வர்ற படம்."

மேனேஜர் தண்ணி கொண்டுவரச் சொன்னார். குடிச்சேன். கோபம் வரும்னு பார்த்தேன், வரலை. இந்த ரெண்டு விரல் மாதிரிதான் இருந்தது, இருக்கு, ஆனால் இல்லை. ஷமீமா உறையைத் துடைச்சு மூடிக் கொடுத்துச்சு. "அம்மாவுக்கு அந்தப் பக்கம் ரொம்பப் பிடிச்சிருக்கும்யா"ன்னுச்சு. நல்ல பொண்ணு. விக்கத் தெரிஞ்ச பொண்ணு.

பஸ்ஸ்டாண்டில நின்னுக்கிட்டே சுகந்திக்குப் போன் போட்டேன். "உங்கம்மா அந்தப் பழைய கதைங்களைத்தானே கேட்கிறாங்க. அதையே இதுக்குள்ள ஏத்திவிடு. முடிஞ்சுபோச்சு."

"அதெல்லாம் புத்தகமாவே வரலைப்பா. வாரப் புத்தகத்தில வந்ததோட சரி. அம்மா தச்சதுதான் புத்தகம். வேற எங்கயும் கிடையாது."

இதை முதல்லயே ஒருத்தர் எனக்குச் சொல்லியிருக்கலாம்ல? யாரும் சொல்லலை. பரமனும் சொல்லலை.

பரமனைப் பிடிச்சேன். பசுபதிபாளையத்தில கவர் ஒட்டுற வீட்டுக்குப் போட்டுட்டதாகச் சொன்னான். போனேன். ஒரு அம்மா, தெய்வானைன்னு பேரு, மளிகைக் கடைக்குக் காகிதக் கவர் ஒட்டுறவங்க. கூடம் முழுக்கக் கவர். எட்டு மாசத்தில நாற்பது புத்தகம் கடலையும் சீரகமும் மடிச்சு ஊரெல்லாம் போயிடுச்சு.

"ஒண்ணு மட்டும் இருக்கு"ன்னாங்க. "நடுவுல நாலஞ்சு தாள் கையெழுத்தா இருந்துச்சு. கவருக்கு ஆகாதுன்னு எடுத்து வச்சேன். புரட்டினா கதை நல்லா இருந்துச்சு, படிச்சுக்கிட்டிருக்கேன்."

வாங்கிப் பார்த்தேன். பாக்கியத்தோட கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் படிச்சேன். மேலே கோடு போட்டு எழுதியிருந்தாள்: "பன்னிரண்டாவது வாரம். இந்தத் தாளில் அவர் ஆணி மடித்துக் கொண்டுபோய்விட்டார். எதிர் வீட்டில் இரவல் வாங்கிப் பார்த்து எழுதியது." அதுக்குக் கீழே அந்த வாரத்துக் கதை முழுக்க, அடித்தல் திருத்தல் இல்லாமல். கடைசியில "தொடரும்"கூடப் போட்டிருந்தாள். நான் எந்த ஆணியை எதில மடிச்சேன்னு எனக்கு ஞாபகம் இருக்குமா?

"எடுத்துக்கிறேன்"ன்னேன்.

"இருங்கண்ணா, இன்னும் ரெண்டு வாரம் பாக்கி. அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்புறாளா இல்லையான்னு தெரியணும். முடிச்சுட்டுத் தர்றேன்."

வேற யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நடந்திருக்கிறதே வேற. நான் முற்றத்தில கவர் கட்டு மேல உட்கார்ந்தேன். அந்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, விரலை எச்சில் பண்ணிப் பண்ணிப் புரட்டினாங்க. நடுவில ஒரு தடவை மூக்கை உறிஞ்சினாங்க. ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆச்சு. பாக்கியம் படிக்கிறதை நான் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

"திரும்பிட்டாளா?"ன்னு கேட்டேன்.

"திரும்பலைண்ணா."

அந்தம்மாவோட வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்தார். என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு, இழுத்துத்தான் பேசுவேன்னு எடுத்த எடுப்பிலயே ஐநூறுன்னார். இருபது ரூபாய் பெறாத தாள். நான் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவரே ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். ஏன் வாயைத் திறக்கலைன்னு எனக்கும் தெரியலை.

வீட்டுக்கு வந்து அவள் மடியில வச்சேன். மிஷினைக் கீழே வச்சாள். அட்டையைத் தடவினாள். நூல் எங்கெங்கே இத்துப்போயிருக்குன்னு பார்த்தாள். நேரா அந்தக் கையெழுத்துப் பக்கத்துக்குப் போனாள், கலங்கின கண்ணைப் பொத்திக்கிட்டுக் கிட்டத்தில வச்சுப் பார்த்தாள். நான் நிலைப்படியிலயே நின்னேன். ரொம்ப நேரம். அப்புறம் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, எவ்வளவு குடுத்தீங்க?"

எட்டு மாசம் கழிச்சு. முதல்ல வாயைத் திறந்தது அவள். ஜெயிச்சுட்டேன்னு தோணுச்சு. சொல்லக் கூச்சமா இருக்கு, ஆனால் அதுதான் தோணுச்சு. ஐநூறுன்னு சொன்னா, ஏமாந்துட்டு வந்து நிக்கிறான்னு நினைப்பாளே. நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிடுச்சு.

"இருபது ரூபாய். நூறு கேட்டான். விடுவேனா? இழுத்துப் பிடிச்சு இருபதுக்கு முடிச்சேன்."

"இருபது ரூபாய்"னு அவளும் ஒரு தடவை சொன்னாள். புத்தகத்தை மூடினாள். குனிஞ்சு அந்த மிஷினை எடுத்து மடியில வச்சுக்கிட்டாள். மரம் வந்துடுச்சு, சைக்கிளும்.

மறுநாள் பார்க்கிறேன், அந்தப் புத்தகம் மூலையில பழைய பேப்பர் கட்டு மேல இருக்கு. பரமன் வந்தா எடை போடுறதுக்கு.

நீங்க படிச்சவர், சொல்லுங்க. குறைச்சு வாங்கினேன்னு சொன்னா எந்தப் பொம்பளையாவது கோவிச்சுப்பாளா? கூட விலைக்கு வாங்கினவனைத்தானே ஊர் ஏசும்? ரெண்டு நாளா நினைச்சு நினைச்சுப் பார்க்கிறேன், எங்கே விட்டேன்னு பிடிபடலை.

இன்னைக்குக் காலையில அந்தக் கட்டு மேலயிருந்து புத்தகத்தை எடுத்துப் பைக்குள்ள போட்டேன். அவள் கையிலிருந்து மிஷினையும் எடுத்தேன். வேண்டாம்னு சொல்லலை, விடவும் இல்லை, எடுத்தேன், வந்துடுச்சு. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், கை ரெண்டும் மடியில அப்படியே இருக்கு, மிஷினைப் பிடிச்ச மாதிரியே.

ஷமீமாகிட்டத்தான் போறேன். இந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமா இதுக்குள்ள ஏத்திக் கொடுன்னு கேட்கப்போறேன். கையெழுத்துப் பக்கத்தையும் சேர்த்து. எழுத்தைப் பெருசாக்கினா அவளே படிச்சுக்குவாள். ஏத்தலாம்ல தம்பி? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏத்திட்டா அந்த நாலு அஞ்சாகும்ல?

குளித்தலை வந்துடுச்சு. நீங்க இங்கேதானா? இன்னும் ரெண்டு நிமிஷம் நிப்பான், அவசரப்படாதீங்க. ஏத்த முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. விலையை நான் பேசிக்கிறேன்.